டர்போவுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 7

எஸ்.ஐ. திருப்பதி மூளையைப் பயன்படுத்துவது அபூர்வம். நேற்று பயன்படுத்தினார். வெற்றிசெல்வன் என்ற லோடு ஆட்டோ டிரைவர் கொலைகாரன் ஆகிவிட்டான்.

நேற்றுக் காலை, குடுமியான்மலை போகிற ரோட்டில் அய்யாக்கண்ணு என்ற விவசாயி செத்துப்போனார். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பியிருந்தார். போகிற வருகிற வண்டி மிதித்துப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும். அடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. சட்டப்படி தப்பு, அந்தப் பக்கம் எல்லோரும் செய்வது. குச்சியை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தவர் மேல் ஒரு வண்டி ஏறியது. நிற்காமல் போனது. வயலுக்குள் இருந்த மனைவி இருளாயி நிமிர்ந்து பார்த்தபோது ரோடே தெரியாத அளவுக்குக் கொள்ளுத் தூசி. அதற்குள் கறுப்பாக ஏதோ ஒன்று போனது. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காதுக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டது.

"பஸ்ஸு காத்து விடுமே, ப்ஸ்ஸுன்னு, அந்தச் சத்தம்" என்றாள்.

எஸ்.ஐ. உடனே முடிவுக்கு வந்தார்: பெரிய வண்டி. பெரிய வண்டி எதுவும் அகப்படாததால் கிடைத்த சின்ன வண்டியைப் பிடித்தார். ரோட்டில் கொள்ளு பரப்பியதில் வெற்றிசெல்வனுக்கும் அய்யாக்கண்ணுவுக்கும் போன வாரம் வாய்த்தகராறு. போதாததற்கு லோடு ஆட்டோவில் ஒரு ஹெட்லைட் உடைந்திருந்தது. இன்று சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி உள்ளே தள்ளப்போகிறார்.

வெற்றிசெல்வனின் மனைவி சத்யா விடிந்ததும் அன்புமொழியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"லோடு ஆட்டோவுல காத்து பிரேக்கே கெடையாதுங்க. இதுகூடத் தெரியாதவங்க எப்புடிங்க போலீசு?"

அந்த ஒரு கேள்விக்காகவே அன்புமொழி கேஸை எடுத்துக்கொண்டாள்.

தனியாகத் துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன் அன்புமொழி இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, அது எப்படி அடிபட்டது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. பொய் சொல்லும் மனிதர்களைவிடப் பொய் சொல்லும் பம்பர்களை அதிகம் பார்த்தவள். இரண்டு சாதியின் மேலும் மரியாதை கிடையாது. அவளுடைய அசிஸ்டென்ட் சவரியப்பன் மற்ற வேலைகளைப் பகுதி நேரமாகவும் பேசுவதை முழு நேரமாகவும் செய்து வந்தான்.

பழைய டீசல் ஜீப் திருக்கோகர்ணம் பக்கம் திரும்பியது. ஓட்டியவள் அன்புமொழி.

"மேடம், காத்து விடுற சத்தம்னா பஞ்சர் கடைக்குத்தானே போகணும். இங்கிட்டு எதுக்கு வாரோம்?"

"பஸ்ஸு எப்பக் காத்து விடும்?"

"நிக்கையில."

"இது நிக்கல. ஓட்டத்துலயே விட்டுருக்கு. நிக்காத வண்டிக்குக் காத்து விட என்ன அவசரம்?"

"வாயுத்தொல்லையா இருக்கும்."

"டர்போடா. புகை வெளிய போற வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும். அது இன்ஜினுக்குள்ள கூடுதலாக் காத்தத் திணிக்கும். வண்டி பறக்கும். ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, திணிச்ச காத்துக்குப் போக எடமில்ல. வால்வு வழியா வெளிய பீச்சும். ப்ஸ்ஸ். கம்பெனியில வர்ற வண்டியில அந்தச் சத்தத்த அமுக்கி வச்சிருப்பான். வெளிய வாங்கி மாட்டுறவன் அந்தச் சத்தத்துக்காகவே மாட்டுவான்."

"ஊருக்கே கேக்கற மாதிரி காத்து விடுறதுக்கா? எங்க மாமா அத இலவசமாப் பண்றாரு."

"இந்த ஜில்லாவுல டர்போ மாட்டுறவன் ஒருத்தன்தான் இருக்கான். எறங்கு."

'பெலிக்ஸ் ரேஸ் கேரேஜ்' என்ற போர்டில் தீ எரிந்துகொண்டிருந்தது. படத்தில்தான். அதற்குக் கீழே இரண்டு ஸ்கூட்டர் ஆயில் மாற்றக் காத்திருந்தன. உள்ளே ஒரு கருநீலச் சின்னக் கார், பானெட் திறந்து, முன் பம்பர் இல்லாமல், பல் கழற்றிய கிழவனைப் போல நின்றது.

பெலிக்ஸுக்கு முப்பது வயது இருக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். கழுத்தில் சிலுவை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். மீதியை யூடியூபில் படித்தவன். ஜீப்பை மேலும் கீழும் பார்த்தான்.

"இதுக்கா டர்போ?"

"இல்லண்ணே, இத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுக்கப்போறோம்" என்றான் சவரியப்பன். "அதுக்குத்தான். என்னென்ன பண்ணணும்னு கேட்டுட்டுப் போலாம்னு."

கேட்டது போதும். பெலிக்ஸ் ஆரம்பித்தான்.

"எல்லாப் பயலும் டர்போன்னா நேரா வாங்கி மாட்டிரலாம்னு நெனைக்கிறான். மாட்டுறது ஒண்ணுமில்லங்க, தயார் பண்றதுதான் வேலை. மொதல்ல இன்ஜினு தாங்குமான்னு பாக்கணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாப்பேன். ஒண்ணு நொண்டியா இருந்தாலும் வேலையத் தொடமாட்டேன். பெறகு சூட்டுக்கு ரேடியேட்டர், காத்த ஆத்துறதுக்கு இன்டர்கூலர். காத்து கூடுனா பெட்ரோலும் கூடணும், அதுக்குப் பம்பு, இன்ஜெக்டர். அப்பறம் கிளட்ச்சு. அப்பறம் பிரேக்கு. பிரேக்கு மாத்தாம டர்போ மாட்டுறவன் மெக்கானிக்கே இல்ல, கொலகாரன். எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் டர்போ."

"அடேங்கப்பா" என்றான் சவரியப்பன். "இது யாரு வண்டி?"

"ராம்நாத் சாரு. திருமயம் பக்கத்துல பெரிய குடும்பம். சென்னையில இருக்காரு. இந்தத் தையிலயே கல்யாணம். மாப்ள வண்டி."

சுவரில் ஒரு போட்டோ. பெலிக்ஸும் ஒரு இளைஞனும் இந்தக் காரின் முன்னால் நின்றார்கள். அந்த இளைஞனின் கக்கத்தோடு பெலிக்ஸ் முடிந்துபோயிருந்தான்.

"வேலை எந்த மட்டுல இருக்கு?" என்றாள் அன்புமொழி.

"தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். டர்போ இன்னம் மாட்டல. வண்டி வந்த நாள்லேர்ந்து எடத்த விட்டு அசையல."

"பம்பர் எங்க?"

"இன்டர்கூலருக்காக வெட்டணும். பெயின்ட் கடைக்குப் போயிருக்கு."

ரொம்பத் தெரிந்துகொண்ட பம்பர்கள் எல்லாம் கடைசியில் பெயின்ட் கடைக்குத்தான் போகும். அன்புமொழி அதைச் சொல்லவில்லை. கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்காரப் பார்த்தாள். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. இன்னொரு காலை உள்ளே வைக்கவே முடியவில்லை.

"மேடம், நீங்க வளந்துட்டீங்க" என்றான் சவரியப்பன்.

அவள் இறங்கினாள். ஓரத்தில் டேப் பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி. காலால் தொட்டுக் காட்டினாள்.

"அது பிரேக்கு. நேத்து மத்தியானம்தான் கூரியர்ல வந்துச்சு."

"டர்போவப் பாக்கலாமா? நான் நேருல பாத்ததில்ல."

பெலிக்ஸுக்கு முகம் ஒரு நொடி வேலை செய்யவில்லை. பிறகு பெருமை ஜெயித்தது. அலமாரியில் இருந்து இன்னொரு பெட்டியை எடுத்து, துணியை விலக்கினான்.

இரண்டு பெரிய நத்தை ஓடுகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தது போல ஒரு சாமான். ஒரு ஓடு அலுமினியம், காற்று போகிற பக்கம். மற்றது இரும்பு, புகை போகிற பக்கம். இரும்பு ஓட்டின் மேல் சில்வர் பெயின்ட் பளபளத்தது. இரண்டிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"பூஜை மட்டும் போட்டாச்சுங்க. நல்ல நாள் பாத்து மாட்டணும்."

"பொட்டு யாரு வச்சது?"

"ஆச்சி. ராம்நாத் சாரோட அம்மா, கௌசல்யா ஆச்சி. அவங்க கையாலயே வச்சாங்க."

"சவரி, இங்கிட்டு இருக்கற பொட்டு என்ன கலரு?"

"மஞ்ச. நடுவுல செவப்பு."

"அங்கிட்டு?"

சவரியப்பன் குனிந்து பார்த்தான். "கருப்பு. நடுவுல அதவிடக் கருப்பு. மேடம், இது பொட்டு மாதிரி இல்ல, அடி புடிச்ச பால் மாதிரி இருக்கு."

"ஒரே கிண்ணம், ஒரே கை. ஒண்ணு மட்டும் ஏன் கருகுச்சு பெலிக்ஸ்?"

"அது... பழைய சந்தனமா இருக்கும்."

"புகை போற பக்கம் சூடு ஏறுனா இரும்பே பழுக்கும்னு ஒனக்குத் தெரியாதா? இது பெட்டியில இருந்த சாமான் இல்ல. இன்ஜின்ல ஏறி, ரோட்டுல ஓடி, எறங்கி வந்து பெட்டியில படுத்துருக்கு. ஒரு தடவ சூடு பட்டா இரும்போட நெறம் மாறிரும், கழுவுனாலும் போகாது. அதனால சில்வர் அடிச்ச. அடிச்சவன் முழுசா அடிக்க வேண்டியதுதானே? பொட்ட மட்டும் விட்டுட்டுச் சுத்தி அடிச்சிருக்க."

உண்மைதான். பெயின்ட், பொட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மரியாதையாக விலகிப் போயிருந்தது.

பெலிக்ஸ் தொப்பியைக் கழற்றினான். "ஆச்சி வச்ச பொட்டுங்க. அது மேல எப்புடிங்க பெயின்ட் அடிக்கிறது? தெரிஞ்சா தொழிலே பண்ண விடமாட்டாங்க."

"கும்புடுறது மாதாவ, பயப்புடுறது ஆச்சிக்கு" என்றான் சவரியப்பன். "நானும் ஒன் கோயில்தான்டா. எனக்கே வெக்கமா இருக்கு."

"ஒரு ஆளு செத்தது தெரியுமா?" என்றாள் அன்புமொழி.

பெலிக்ஸ் துணியை இழுத்து டர்போவை மூடினான்.

"தெரிஞ்சுதான் ராத்திரியே கழட்டிருக்க. பிரேக்கு வர்றதுக்கு முன்னாடி டர்போ மாட்டுறவன் யாருன்னு சொன்ன? நீயே சொன்னியே, அந்தப் பேரு."

"நான் முந்தாநாளே சொன்னேங்க! பிரேக்கு வரட்டும், நாளைக்கு வந்துரும்னு. நேத்துக் காலையிலதான் நல்ல நேரம், அதுக்கப்பறம் கல்யாணம் வரைக்கும் நாளே இல்லன்னுட்டாங்க. நேரத்தோட மாட்டி, பூஜை போட்டு, மொத ஓட்டம் குடுமியான்மலைக் கோயிலுக்குப் போயிட்டு வரணும்னு... நான் என்னங்க பண்றது?"

"ஓட்டுனது யாரு? ராம்நாத்தா?"

பெலிக்ஸின் கண் ஒரு தடவை இங்கும் அங்கும் போனது. நீட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க. ராம்நாத் சாருதான். அவருதான் ஓட்டுனாரு."

சவரியப்பனின் சட்டைப் பையில் இருந்த போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

*

ஜீப்பில் சவரியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"முடிஞ்சுது மேடம். பணக்காரப் பய, டர்போ காரு, ஏழை செத்தான். ஸ்டேஷனுக்குப் போயி இந்த ரெக்கார்டப் போட்டா எஸ்.ஐ.க்கு நெஞ்சு வலி வரும். நேராப் போங்க."

"திருமயம் போறோம்."

"எதுக்கு? அவனுக்கு மாலை போடவா?"

"வாய மூடிக்கிட்டு வா. கொஞ்ச நேரம் பழகிப் பாரு."

வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. அதில் பெரும்பாலான அறைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒரே ஹாலில், கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கடுக்காக. கௌசல்யா ஆச்சி ஒவ்வொன்றின் மூலைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கால் தரைக்கு எட்டவில்லை. அதனால் அவருக்குக் குறைவு எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. தரைதான் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருக்க வேண்டும் என்பது போல இருந்தார்.

அன்புமொழி தன்னைச் சொல்லிக்கொண்டாள். ஆச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"துப்பறியிறவளா? கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டப் பத்தி விசாரிக்க ஆள் வேணும்னு கேட்டேன், அதுக்கு வந்தியா? லேட்டு. நானே விசாரிச்சுட்டேன்."

"நேத்துக் காலையில குடுமியான்மலை ரோட்டுல ஒருத்தர் செத்ததப் பத்தி வந்தேங்க."

"ரோட்டுல கொள்ளக் காயப் போட்டா சாகத்தான் செய்வாக. ரோடு என்ன அவுக களமா? பேப்பர்ல பாத்தேன். எவனோ லோடு ஆட்டோக்காரனப் புடிச்சுட்டாகளே."

"அவன் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

பின்னால் கதவு திறந்தது. ராம்நாத் நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். போட்டோவில் பார்த்ததைவிட நீளம். கையில் காப்பி.

அன்புமொழி சவரியப்பனைப் பார்த்தாள். அவன் போனை ஓடவிட்டான். பெலிக்ஸின் குரல் ஹாலில் நிறைந்தது. *ராம்நாத் சாருதான். அவருதான் ஓட்டுனாரு.*

காப்பி ராம்நாத்தின் சட்டையில் கொட்டியது.

"பொய்! பச்சைப் பொய்! நான் நேத்து விடியத்தான் ரயில்ல வந்து எறங்குனேன். வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தேன். அம்மா, சொல்லுங்கம்மா!"

"யாரு பாத்தா?" என்றான் சவரியப்பன்.

"வீட்டுல யாருமே... எல்லாரும் வெளிய... அம்மா!"

ஆச்சி அடுத்த பத்திரிகையை எடுத்தார். மஞ்சள் மூலையில் படாமல் நடுவில் பட்டது.

"மெக்கானிக் பய உளறுறான். வக்கீல் பாத்துக்குவாரு."

"பாத்துக்குவாருங்க. கல்யாணத்துக்கு அப்பறம்தான் பெயில் வரும், அதுவரைக்கும் நீங்களும் பொறுமையாப் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றான் சவரியப்பன். "மேடம், எஸ்.ஐ.க்குப் போன் போடவா?"

"போடு. ஆனா ஓட்டுனது இவரு இல்ல."

சவரியப்பனின் விரல் போனின் மேல் அப்படியே நின்றது. ராம்நாத் வாயைத் திறந்தான். ஆச்சி மட்டும் முதல் தடவையாக அன்புமொழியின் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கார் சீட்டுல என்னாலயே உக்கார முடியல. ஸ்டியரிங்கை ஒட்டி முழுசா முன்னாடி இழுத்து வச்சிருக்கு. இவரு உள்ள போகணும்னா கால வீட்டுலயே விட்டுட்டுத்தான் போகணும். பெலிக்ஸ் ராத்திரி பூரா இன்ஜின் பக்கம் கழட்டுனான், பெயின்ட் அடிச்சான், பம்பர ஒளிச்சான். சீட்ட நெனைக்கல. நான் ராம்நாத்தான்னு கேட்டேன். அவன் ஒரு நொடி யோசிச்சான். உண்மைய சொல்றவன் எதுக்கு யோசிக்கணும்? அவனுக்கு இவரக் காட்டிக் குடுக்கப் பயமில்ல. இவரவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. புதுசா எது வந்தாலும் மொதல்ல ஓட்டுற கை இந்த வீட்டுல யாரோடது, ராம்நாத் சார்?"

ராம்நாத் தாயைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துச் சுவரைப் பார்த்தான். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"கைராசி" என்றார் ஆச்சி. குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. "எங்க மாமனார் வாங்குன பஸ்ஸுலேர்ந்து இவன் வண்டி வரைக்கும் நான்தான் மொத அடி எடுத்துக் குடுப்பேன். ஒண்ணும் தப்பு நடந்ததில்ல. இந்தச் சனியன்தான். மிதிச்சேன், போகல. இன்னும் மிதிச்சேன், போகல. பெறகு ஒரேயடியாத் தூக்கிக்கிட்டுப் போச்சு. கால எடுத்தா புஸ்ஸுங்குது. பிரேக்கப் போட்டா கொள்ளு மேல வழுக்குது."

"டர்போன்னா அப்புடித்தான். காத்து சேருற வரைக்கும் சும்மா இருக்கும், சேந்தா பாயும். பழகாத கால். அதுக்குத்தான் பிரேக்க மொதல்ல மாத்தணும்னு பெலிக்ஸ் சொன்னான்."

"நேரம் காத்துக்கிட்டு இருக்குமா, கூரியர்க்காரன் வர்ற வரைக்கும்?"

"நின்னு பாத்திருக்கலாமே ஆச்சி" என்றான் சவரியப்பன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"மகன் கல்யாணத்த வச்சுக்கிட்டு, மொத ஓட்டத்துல, சாவு முகத்துல முழிக்கச் சொல்றியா?"

மஞ்சள் கிண்ணத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது.

"சீட்டு சாட்சி கோர்ட்டுல நிக்காதுங்க" என்றாள் அன்புமொழி. "யாரு வேணும்னாலும் முன்னாடி இழுத்து வச்சிருக்கலாம்னுவாங்க. பெலிக்ஸ் சொன்னது நிக்கும். அது பொய்தான். ஆனா நல்லா நிக்கும். நேத்துலேர்ந்து ஊரான் புள்ள ஒருத்தன் செய்யாத தப்புக்கு உள்ள இருக்கான். நீங்க பத்திரிகைக்கு மஞ்சத் தடவிக்கிட்டிருக்கீங்க. தூக்கம் கெடல. இப்பவும் அதேதான். செய்யாத ஒருத்தன் உள்ள போகப்போறான். ஆளு மட்டும் வேற. எனக்கு எவன் போனாலும் ஒண்ணுதான், என் கட்சிக்காரன் வெளிய வரணும். ஒங்களுக்கு எப்புடின்னு நீங்களே சொல்லுங்க."

"அம்மா..." என்றான் ராம்நாத். முப்பது வயது மாப்பிள்ளை. அந்த ஒரு சொல்லில் ஐந்து வயதுக்கு இறங்கினான்.

"சட்டைய மாத்து" என்றார் ஆச்சி. "காப்பிக் கறை."

பிறகு போனை எடுத்தார். எஸ்.ஐ. திருப்பதியின் நம்பர் அதில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் ஆச்சி! சொல்லுங்க ஆச்சி!" அந்தக் குரல் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது கேட்டது.

"குடுமியான்மலை ரோட்டுல அந்த ஆள இடிச்சது நான்தான். அந்த லோடு ஆட்டோக்காரன விடு. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. மரியாதையான, தடவிக்கொடுக்கிற சிரிப்பு.

"புரியுது ஆச்சி. தம்பி எதுவும் வண்டியில... பெத்த மனசு. நீங்க ஏன் சிரமப்படுறீங்க, நான் இருக்கேன்ல. அவன உள்ள தள்ளிட்டா முடிஞ்சுபோச்சு. நீங்க போயி வண்டி ஓட்டுனேன்னா யாரு ஆச்சி நம்புவா? இந்த வயசுல, பொம்பளைங்க, அதுவும் டர்போ காரு! எனக்கே சிரிப்பு வருது."

அன்புமொழி கண்ணை மூடிக்கொண்டாள். எஸ்.ஐ.யின் மூளை இரண்டாம் தடவையாக வேலை செய்துவிட்டது.

ஆச்சி போனை அணைத்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு மனிதனைக் கொன்றதைச் சொன்னபோது மாறாத முகம்.

"பொம்பளைங்களா?" என்றார். நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். "ஏம்மா, வாசல்ல நிக்கிறது ஒன் வண்டிதானே? சாவியக் குடு."

"ஆச்சி, அது பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பு. அசையவே அசையாது" என்றான் சவரியப்பன்.

"நகரு."

"லைசென்ஸ்?"

"ஒங்கப்பன் டவுசர் போட்ட காலத்துல எடுத்தது. இன்னம் செல்லும்."

சவரியப்பன் அன்புமொழியைப் பார்த்தான். அவள் சாவியைக் கொடுத்தாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆச்சி சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் கம்பிக்கு நடுவே ரோட்டைப் பார்த்து, ஒரு கியரைக்கூட உரசாமல் ஓட்டினார். வழியில் எதிரே வந்த இரண்டு லாரிக்காரர்களையும் ஒரு டவுன் பஸ்காரரையும் கேவலமாகத் திட்டினார். திட்டியது மூன்றும் நியாயம்.

ஸ்டேஷன் வாசலில் போலீஸ் ஜீப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு. உள்ளே போவதற்கே யோசிக்க வேண்டும். ஆச்சி யோசிக்கவில்லை. ரிவர்ஸ் போட்டார். ஒரே மூச்சில், சுவரில் உரசாமல் ஜீப் உள்ளே போய் நின்றது.

கையில் டீ கிளாஸோடு வெளியே வந்த எஸ்.ஐ. திருப்பதி, டிரைவர் பக்கக் கதவு திறந்து அதிலிருந்து ஆச்சி இறங்குவதைப் பார்த்தார். டீ ஆறும் வரை பார்த்தார்.

"இப்பச் சிரி" என்றார் ஆச்சி. "சிரிச்சு முடிச்சுட்டுப் பேப்பர எடு."

அதற்குப் பிறகு நடந்தவை அந்த ஸ்டேஷனின் வழக்கப்படி நடந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவருக்கு எஸ்.ஐ.யின் நாற்காலி. பால் அதிகமாகப் போட்டு ஒரு காப்பி. குற்றம் செய்யாதவனுக்கு நேற்றிலிருந்து தரையில் சுவரோரம் இடம். வெற்றிசெல்வன் எழுந்து நின்றபோது ஒரு பக்கக் கால் ஊன்றவில்லை. சத்யா வாசலிலேயே நின்றாள். அவனைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"நீ போலாம்ப்பா" என்றார் எஸ்.ஐ., ஏதோ தானமாகக் கொடுப்பது போல. "பெருசா ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

"என் வண்டி சார்?"

"வண்டிய விட முடியாது. எஃப்.ஐ.ஆர்.ல ஏறிருச்சு. கோர்ட்டுக்குப் போயி, அங்க மனுப் போட்டு... ஆறு மாசம் ஆகும்."

"தப்பே பண்ணாத வண்டிக்கா?" என்றாள் அன்புமொழி. "ஹெட்லைட்டு ஒடைஞ்சதத் தவிர அதுல என்ன இருக்கு? நான் சர்வேயரா இருந்தவ, நான் எழுதித் தாரேன்."

"நீங்க யாரும்மா எழுதித் தர்றதுக்கு? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

வெற்றிசெல்வன் தலையைக் குனிந்தான். அந்த வண்டி இல்லாவிட்டால் அவன் வெளியே வந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. சத்யா ஓரடி உள்ளே வந்தாள்.

காப்பி டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எதுக்கு இந்த இழுவை?" என்றார் ஆச்சி. "அவன் வண்டிய அவன்கிட்ட குடுத்து அனுப்பு. எனக்குத் தலை வலிக்குது."

எஸ்.ஐ. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏட்டு! அந்த லோடு ஆட்டோ சாவிய எடுத்தா!"

சாவி வந்தது. வெற்றிசெல்வன் வாங்கிக்கொண்டான். யாரிடமிருந்து வாங்கினோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"மேடம்" என்றான் சவரியப்பன், அன்புமொழியின் காதருகில். "இதுவரைக்கும் நான் எத்தனையோ அதிகாரியப் பாத்திருக்கேன். கைதி போட்ட உத்தரவ இப்பத்தான் பாக்குறேன்."

வாசலில் சத்யா அவர்களை நிறுத்தினாள்.

"யாருக்குங்க நன்றி சொல்றது?"

"யாருக்கும் வேண்டாம்" என்றாள் அன்புமொழி. "மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லு. உள்ள இருக்கறவுக மனசு மாறுறதுக்குள்ள."

லோடு ஆட்டோ இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. வெற்றிசெல்வன் ஊன்ற முடியாத காலால் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கண் விளக்கோடு, ரோட்டில் ஏறினான்.